சோலைமலையின் வெறுந்தலை

நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகும் ரோட்டில், இரண்டாவது பாலம் தாண்டியதும் இடப்பக்கம் மேலே ஏறுகிறது ஈரமலைத் தோட்டம். வருடத்தில் எட்டு மாதம் மழை, மீதி நாலு மாதம் பனி. அங்கே ஆண்பிள்ளை எவனும் தலைக்கு ஒரு துண்டாவது கட்டாமல் லயத்து வாசலை விட்டு இறங்குவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சோலைமலை என்ற மனிதர் பதினாலு மாதம் வெறுந்தலையோடு வேலைக்குப் போய்வந்தார். அவரைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. அது கடைசியில் வரும்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். யேசுரட்ணம் என்று பெயர். என் தகப்பனாரும் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீடுகளின் அறை ஒன்றில், பிறந்தவர்தான். மிஷன்காரர்கள் படிக்க வைத்ததால் நான் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்திக்குப் பதிலாகச் சோக்குக் கட்டியைப் பிடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் தோட்டத்தில் அது பெரிய வித்தியாசம். நான் உத்தியோகத்தர் வீட்டில் குடியிருந்தேன். பள்ளிக்கூடம் பெரட்டுக் களத்தின் ஓரத்திலேயே இருந்தது. விடிகாலையில் தப்பு அடித்து ஆட்களைக் கூட்டி, வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற களம் அது. என் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் முந்நூறு பேரின் முதுகு தெரியும்.

சோலைமலைக்கு ஊர் முசிறிப் பக்கம். இருபத்துமூன்று வயதில் மனைவி அழகம்மாவோடும் அவள் தம்பி வீரபத்திரனோடும் கப்பலேறினார். வீரபத்திரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாய் தகப்பன் இல்லாததால் அக்காள்தான் கூட்டி வந்து வளர்த்தாள். மூன்று பேரும் தொற்றுநோய் பார்க்கிற மண்டபம் காம்பில் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்து, ஊசி போட்டுக்கொண்டு, மருந்து தெளித்த துணியோடு இக்கரை வந்தவர்கள். இங்கு வந்த அடுத்த வருடமே மகள் பரிமளம் பிறந்தாள்.

கவ்வாத்து வெட்டுவதில் சோலைமலையை அடிக்க ஆள் இல்லை. மற்றவர்கள் ஒரு செடியைச் சுற்றி யோசிப்பதற்குள் அவர் நாலு செடியை முடித்துவிடுவார். வாயும் கையைப் போலவே வேகம். கங்காணியைப் போல நடந்து காட்டுவார், துரையைப் போல மூக்கால் பேசிக் காட்டுவார். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். மாசி மாதம் காமன் கூத்துக்கு அவர் கட்டியங்காரன். அவர் களத்தில் இறங்கினால் உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள்கூட முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நிற்பார்கள். வேதக்காரனான நானும் நின்றிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

முப்பத்துநாலாம் வருடக் கடைசியில் கீழ்நாட்டில் மலேரியா வந்தது. கேகாலை, குருணாகல் பக்கம் வீட்டுக்கு வீடு சாவு என்று பேச்சு. எங்கள் குளிருக்கு அந்தக் கொசு ஏறவில்லை. கீழே போய்வந்த இரண்டு பேருக்குக் காய்ச்சல் கண்டது, இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் எங்கள் பெரியதுரை கெட்டிக்காரர், முன்ஜாக்கிரதைக்காரர். டிசம்பர் முதல் வாரத்தில் உத்தரவு போட்டார். தோட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது. வெளித் தோட்டத்து ஆள் எவரும் விருந்தாளியாக உள்ளே வரக்கூடாது. கூத்து, திருவிழா, மேளம் ஒன்றும் கூடாது. மறு உத்தரவு வரும்வரை. இங்கிலீசில் இருந்த அதைத் தமிழாக்கி, பலகையில் கறுப்பு வர்ணத்தில் எழுதியவன் நான்தான். பலகையைப் பெரட்டுக் களத்துக் கொட்டகையிலேயே மாட்டினார்கள்.

அப்போது யாரும் முணுமுணுக்கவில்லை. பயம் எல்லாருக்கும் இருந்தது.

அந்த மார்கழியில் அழகம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்று நாள் இருமினாள், நாலாம் நாள் மூச்சு நின்றுபோனது. மலேரியா இல்லை என்று தோட்டத்து மருந்தையா தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஆனால் உத்தரவு உத்தரவுதான். தூக்குவதற்கு நாலு பேர், குழி வெட்ட இரண்டு பேர், சோலைமலை. தப்பு இல்லை, ஒப்பாரிக்குப் பெண்கள் இல்லை. மகள் பரிமளம் லயத்து வாசலோடு நின்றுவிட்டாள். தப்புக்காரர் தப்பைக் காய்ச்சாமலே மடியில் வைத்துக்கொண்டு தன் வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

வீரபத்திரன் அப்போது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தார். கல்யாணம் முடித்து அங்கே போய்ப் பத்து வருடம். சில்லறைக் கங்காணியாக இருபது பேரை மேய்த்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு, அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை ஒன்றை வாங்கிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு பதினோரு மைல் நடந்து வந்தார். தோட்டத்து வாசலில் காவல்காரன் மறித்தான். கெஞ்சினார், சண்டை போட்டார், கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். பொழுது சாய்ந்ததும் சேலையோடு திரும்பிப் போனார். காவல்காரன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, வேலை போய்விடும் என்ற பயம் உண்டு.

பதினாறாம் நாள் கருமாதியும் நடக்கவில்லை. இங்கேதான் சோலைமலையின் வெறுந்தலைக் கதை தொடங்குகிறது.

அவர்களுடைய வழக்கம் இது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குக் கருமாதியன்று அவளுடைய உடன்பிறந்தவன் ஊர் பார்க்கப் புதுத்துணியால் தலைக்கு உருமா கட்டிவிட வேண்டும். போனவளுக்காக உன்மேல் எங்களுக்குக் கோபமில்லை, நீ இன்னும் எங்கள் மனிதன்தான் என்று அதற்கு அர்த்தமாம். அது கட்டுகிற வரைக்கும் அவன் துக்கக்காரன். தலையில் துணி போடமாட்டான். நல்லது கெட்டதுக்கு இன்னொருவன் வாசல் மிதிக்கமாட்டான். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அவன் கைக்கு உரிமை கிடையாது.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்பதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன்.

"ஏன் சோலைமலை, மச்சானை நோர்வூட் கடைத்தெருவுக்கு வரச் சொல்லி அங்கேயே கட்டிக்கொண்டால் என்ன? அங்கே யார் தடுக்கிறார்கள்?"

"கடத்தெருவுல கட்டுனா அது கடத்துணிங்க வாத்தியாரய்யா. அவ செத்த மண்ணுல, அவளத் தெரிஞ்ச சனம் பாக்கக் கட்டணும். சும்மா குளிருக்குக் கட்டுறதுன்னா நானே கட்டிக்க மாட்டேனா?"

"அப்படியானால் பொறு. காய்ச்சல் குறைந்துவிட்டது. ஆடிக்குள் உத்தரவை எடுத்துவிடுவார்கள்."

"மண்டபத்துல ஆறே நாளுங்க. ஆறாம் நாளு கதவத் தொறந்துவுட்டுட்டான். இங்க என்னான்னா..." என்று சொல்லிச் சிரித்தார். அப்போது இன்னும் சிரிப்பு மீதி இருந்தது.

ஆடிக்கு எடுக்கவில்லை. கீழ்நாட்டிலேயே காய்ச்சல் அடங்கிவிட்டது, கடைகள் திறந்தன, ரயிலில் கூட்டம் நெரிந்தது. அதற்குள் பெரியதுரை ஒன்பது மாத லீவில் சீமைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயதுத் துரை வந்தார், ஆக்டிங். அவருக்கு இந்த மலையில் எல்லாமே பயம். பெரியதுரை போட்டுவிட்டுப் போன எதையும் தொடமாட்டார். பெரியதுரை பங்களாவில் வைத்துவிட்டுப் போன பூந்தொட்டியைக்கூட நகர்த்தவில்லை என்று பங்களா அப்பு சொல்லுவான். அப்படிப்பட்டவர் உத்தரவுப் பலகையை எடுப்பாரா?

ஆக, ஒரு நோயும் இல்லாத தோட்டத்தில் நோய்க்கான உத்தரவு மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. மழையில் வர்ணம் கரையும்போதெல்லாம் கண்டாக்கு லோரன்ஸ் என்னைக் கூப்பிட்டனுப்புவார். கண்டாக்கு என்றால் துரைக்கு அடுத்தபடியாகத் தோட்டத்தை நடத்துகிற உத்தியோகத்தர். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் எழுத்தைப் புதுப்பிப்பேன். மூன்று தடவை புதுப்பித்தேன். மூன்றாம் தடவை போனபோது பலகையில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அதைக் கழுவியவனும் நான்தான்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற பெண்களின் வாயில் அந்த உத்தரவு தினமும் அகப்பட்டு அவதிப்படும். "காச்சலு செத்து வருசம் ஒண்ணாச்சு, அதுக்கும் கருமாதி பண்ண விடமாட்டேங்கிறானுக" என்று ஒருத்தி ஒருநாள் சொன்னதைத் தோட்டம் முழுதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் எரிச்சல் இருந்தது. மாரியம்மன் திருவிழா போயிற்று. காமன் கூத்து போயிற்று. நாலு கல்யாணம் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, இழவு வீடு மாதிரி, நடந்து முடிந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் லொறி லொறியாக, காய்ச்சல் நாட்டிலிருந்தே, பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் ரோட்டில் நல்லதண்ணிப் பக்கம் போனார்கள். எங்கள் ஆட்கள் கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்தார்கள். கிறிஸ்மசுக்குத் துரைமாரின் கிளப்பில் டான்ஸ் நடந்ததாம். பங்களா அப்பு வந்து நூற்றுச் சொச்சம் பேர் என்று சொன்னான்.

சோலைமலை ஒருநாள் பெரட்டிலேயே கேட்டுவிட்டார்.

"கண்டாக்கையா, கூடி நின்னா காச்சலு வரும்ங்கிறீங்க. இந்தா, முன்னூறு பேரு தோளோட தோளு ஒரசிக்கிட்டு நிக்கிறோம். இதுல வராதுங்களா?"

"இது வேலை" என்றார் லோரன்ஸ்.

"அப்ப வேலைக்கு நின்னா வராது, துக்கத்துக்கு நின்னாத்தான் வருமுங்களா?"

களம் முழுதும் சிரித்தது. லோரன்ஸ் முகம் சிவந்து, சோலைமலைக்கு அன்றைக்கு அரைப் பேர்தான், அரை நாள் கூலிதான் என்று சொல்லிவிட்டார். லோரன்சும் லயத்திலிருந்து மேலே வந்தவர்தான். அப்படி வந்தவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் அவருக்காக நாலு மனு எழுதினேன். என் இங்கிலீஸ் நல்ல இங்கிலீஸ். கவனத்தில் இருக்கிறது என்று நாலு தடவையும் பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் சோலைமலை என் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்துத் தண்ணீர் தலையில் சொட்டச் சொட்ட நின்று கேட்பார். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். நான் லோரன்சிடம் விசாரித்து வந்து, தீபாவளிக்குள் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். எடுக்கவில்லை. தைக்குள் நிச்சயம் என்றேன். தையும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கேட்க வருவதை நிறுத்திவிட்டார். கங்காணி மாதிரி நடந்து காட்டுவதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. முடியில் பாதி நரைத்து, இருமல் பிடித்து, நனைந்த கோழி போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு மலைக்குப் போவார்.

அவரைத் தின்றது குளிர் இல்லை, பரிமளத்தின் கல்யாணம். கீழ் லயத்து ஆண்டியப்பன் மகன் அழகுமுத்துவுக்கு அவளை என்று அழகம்மா உயிரோடு இருந்தபோதே பேசி முடித்திருந்தார்கள். பிள்ளைகள் இரண்டுக்கும் விருப்பம். பத்துப் பேரை வைத்தே முடித்துவிடலாம்தான். ஆனால் ஆண்டியப்பன் ஒரே பிடியாக நின்றார்.

"உருமா கட்டாத கையில தாரை வாங்குனா எங்க வம்சத்துக்கு ஆகாதுங்க. ஒரு வருசத்துக்கு மேல பொறுத்தாச்சு. பங்குனி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல பொகவந்தலாவையில ஒரு பொண்ணு இருக்கு, அங்க முடிச்சிருவோம்" என்று என்னிடமே சொன்னார். கொடுமைக்காரர் இல்லை. அவருக்கும் பேரப்பிள்ளை பார்க்கிற வயசு.

மாசி பிறந்தது. கொழுந்து மலையில் பொங்கி நின்றது, பறிக்கக் கை போதவில்லை. ஒரு நாள் பெரட்டில் லோரன்ஸ் சத்தமாக அறிவித்தார். வெளியில் சொந்தக்காரர் யாராவது இங்கே வேலைக்கு வர விரும்பினால், இருக்கிற தோட்டத்தில் பத்துச்சீட்டு வாங்கிக்கொண்டு வரட்டும், உடனே பேர் பதியலாம். பத்துச்சீட்டு என்பது, இந்த ஆளை நாங்கள் விட்டுவிட்டோம் என்று பழைய தோட்டம் கொடுக்கிற துண்டுக் காகிதம். அது கையில் வந்தால் பழைய இடத்தில் காம்பரா இல்லை, பேர் இல்லை, ஒன்றும் இல்லை.

விருந்தாளியாக வந்தால் காய்ச்சல் கொண்டுவருவான், கூலியாக வந்தால் கொண்டுவரமாட்டான். களத்தில் நின்ற முந்நூறு பேரும் அதைக் கேட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் அது வேறு விதமாகக் காதில் விழுந்தது. பரிமளம் அன்று மாலை கடைக்குச் சாமான் வாங்கப் போனவள், பொகவந்தலாவைக்குப் போகிற வண்டிக்காரரிடம் மாமனுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினாள். தகப்பனிடம் வாய் திறக்கவில்லை.

அதே வாரம் லோரன்ஸ் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு சங்கதி சொன்னார். பெரியதுரை கப்பலேறிவிட்டார், மாசி முடிவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிடுவார், கடிதம் வந்திருக்கிறது. அவர் வந்தால் அந்தப் பலகையை ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார் என்றும் சொன்னார்.

அடுத்த நாள் சாயங்காலம் சோலைமலை என் வாசலைத் தாண்டிப் போனார். கூப்பிடலாம் என்று எழுந்தேன். ஆடி என்று சொல்லி, தீபாவளி என்று சொல்லி, தை என்று சொல்லி மூன்று தடவை ஏமாற்றியது ஞாபகம் வந்தது. நாலாவது தடவையும் பொய்த்துப்போனால் அந்த முகத்தை நான் பார்க்கவேண்டும். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமைப் பெரட்டு எனக்கு இன்றும் அப்படியே கண்ணில் நிற்கிறது. தப்பு ஓய்ந்தது. பேர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை கடைசிப் பேர் வரைக்கும் வந்து, புதிதாகப் பதிந்த பேர்களுக்குப் போனார்.

"வீரபத்திரன்!"

"வந்தேங்க!"

கவ்வாத்து வரிசையில் நின்ற சோலைமலை வெடுக்கென்று திரும்பினார். பின்வரிசையிலிருந்து வீரபத்திரன் வெளியே வந்தார். ஞாயிறு பொழுது சாய்ந்த பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகளோடு கேட்டில் பத்துச்சீட்டைக் காட்டி உள்ளே வந்திருக்கிறார். மறித்த அதே காவல்காரன்தான் பெட்டியைத் தூக்கிவிட்டானாம். கம்பளிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத்துணியை எடுத்தார். கஞ்சி போகாத புதுத்துணி. வரிசையைக் கடந்து நேரே சோலைமலைக்கு முன்னால் போய் நின்றார்.

"குனிங்க மச்சான்."

சோலைமலை குனியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். "கங்காணி வேலய விட்டுட்டா வந்த? அடே, எதுக்குடா?" என்று மட்டும் கேட்டார்.

"குனிங்க."

குனிந்தார். வீரபத்திரன் துணியை உதறி, இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை இறுக்கிச் செருகினார். பிறகு கொழுந்துக்காரிகள் வரிசையில் அழகம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்த ஒருத்தி, கூடையைக் கீழே போட்டுவிட்டு, "அடி எம் அழகம்மா" என்று ஒப்பாரி எடுத்தாள். அடுத்தவள் சேர்ந்தாள். பதினாலு மாதத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை அது. தப்புக்காரர் மாட்டி வைத்த தப்பை எடுத்து மெதுவாகக் கருமாதிக்கு அடிக்கிற அடியை அடித்தார். என் ஜன்னலில் நின்றுகொண்டு நானும் அழுதேன். எனக்கு அழகம்மாவை அவ்வளவாகத் தெரியாது.

களத்தின் மேல் மேட்டில் ஆக்டிங் துரை மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அது என்ன சத்தம், அந்த ஆள் தலையில் என்ன கட்டுகிறான் என்று இங்கிலீசில் கேட்டார்.

லோரன்ஸ் பலகையைப் பார்த்தார். சோலைமலையைப் பார்த்தார். "மழைக்குக் கட்டுகிறான் சார். தலை நனைந்து இருமல் பிடித்திருக்கிறது. பெண்கள் வேலைக்குப் போகும்போது பாடுகிற பாட்டு" என்றார்.

அன்று காலை மழை இல்லை. துரை வானத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை முடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு லோரன்ஸ் வழக்கம்போல ஆட்களைப் பிரித்துவிட்டார். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். முந்நூறு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், சோலைமலையைத் தாண்டும்போது மட்டும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அவரவர் மலைக்கு நடந்தார்கள். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் எந்தக் கருமாதிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

ஒன்பது நாள் கழித்துப் பெரியதுரை வந்து சேர்ந்தார். முதல் நாளே பெரட்டுக் களத்துக்கு வந்தவர், பலகையைப் பார்த்துத் திகைத்துப்போய், இது இன்னுமா தொங்குகிறது என்று கேட்டார். தன் கையாலேயே கழற்றி எறிந்தார். ஆட்கள் கை தட்டினார்கள். வீரபத்திரனும் களத்தில் நின்றார். அவர் கை தட்டினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர் பழைய தோட்டத்துக்கு நடந்து போய்விட்டு வந்தார். கங்காணி வேலை வேறொருவனுக்குப் போயிருந்தது. இரண்டு அறைக் காம்பராவில் வேறு குடும்பம். பத்து வருடமாகக் கொத்திப் பண்படுத்திய கறித்தோட்டத்தில் அந்தக் குடும்பம் முட்டைக்கோவா நட்டிருந்தது. திரும்பி வந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, மச்சானுக்குப் பக்கத்து நிரையில் சாதாரண ஆளாக இறங்கினார். இருபது பேரை மேய்த்தவர்.

பங்குனியில் பரிமளத்துக்கும் அழகுமுத்துவுக்கும் கல்யாணம் நடந்தது. மூன்று தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். ஒன்றரை வருடப் பசியோடு வந்தவர்கள் மாதிரி ஆடினார்கள், பாடினார்கள், சண்டையும் போட்டார்கள். சோலைமலை தலைக்கட்டோடு தாரை வார்த்தார். முடிந்ததும் ஆண்டியப்பனுக்கு முன்னாலேயே ஆண்டியப்பன் மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு, "வம்சத்துக்கு ஆகாதுங்க" என்று பேசிக் காட்டினார். பந்தல் முழுதும் சிரித்தது, ஆண்டியப்பனும் சிரித்தார்.

நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். வீரபத்திரன் குழம்பு வாளியோடு என் இலைக்கு வந்தார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"வீரபத்திரன், ஒன்று சொல்லவேண்டும். பெரியதுரை மாசிக்குள் வந்துவிடுவார் என்று கண்டாக்கையா எனக்கு முதலிலேயே சொன்னார். நான் உங்கள் ஆட்களிடம் சொல்லவில்லை."

அவர் அகப்பையை வாளிக்குள் வைத்தார்.

"நான் பத்துச்சீட்டு கேக்கிறதுக்கு முந்தியேங்களா?"

"அதற்கு முந்தியே."

திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பந்தலின் அந்தப் பக்கம் பார்த்தார். சோலைமலை யாரோ ஒருவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, உருமா சரிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாங்கிட்ட மட்டும் இதச் சொல்லிறாதீங்க வாத்தியாரய்யா. என்னாலதான இவன் எல்லாத்தையும் விட்டான்னு அவருக்கு ஏற்கெனவே கொறை இருக்கு. ஒம்பது நாளுக்காகத்தான்னு தெரிஞ்சா அந்த உருமாவ அவுத்துருவாரு."

என் சோற்றில் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரே தோட்டத்தில் வருடக்கணக்காக அவர் முகத்தில் விழித்தும் சொல்லவில்லை. போன ஐப்பசியில் சோலைமலை காலமானார். வீரபத்திரனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.